வீண் களைதலும் ஆள் களைதலும்

தொழில் நிர்வாகம் பயிலும் மாணாக்கர் இந்நாளில் அடிக்கடி கேட்கும் சொற்களுள் 'லீன் உற்பத்தி' என்பதும் ஒன்று. 'லீன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மெலிந்தது, கொழுப்பற்றது என்று பொருள் கூறுவர். வேண்டாத தசை நீங்கி உரம் மட்டும் நிற்கும் ஓட்டக்காரனுடைய உடல்போலத் தொழிற்சாலையும் இருத்தல் வேண்டும் என்பது கருத்து. ஆயினும் ஒரு சொல் நூலில் ஒரு பொருளும் ஊரில் மற்றொரு பொருளும் பெறுதல் உலகத்தியற்கை. எங்கள் மலைநாட்டில் இச்சொல்லைச் செவியுறுவோர், "இம்முறை எத்தனை பேரை நிறுத்தப் போகிறார்கள்?" என்றே முதற்கண் வினவுவர். நூற்பொருளுக்கும் ஊர்ப்பொருளுக்கும் இத்துணைத் தூரம் ஏற்பட்டது ஏன் என்று யான் பலகால் எண்ணியதுண்டு. அவ்வெண்ணத்தையே ஈண்டு நண்பர்கள்முன் வைக்க விழைகின்றேன்.

யான் பிறந்து வளர்ந்தது நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்திலுள்ள நெல்லியாளம். உதகையின் குளிரையும் குன்னூரின் பூங்காவையுமே நீலகிரி எனக் கருதுவோர்க்கு எங்கள் பகுதி சற்றுப் புதுமையாகத் தோன்றும். வயநாட்டு மேட்டுநிலத்தைச் சார்ந்த இந்நிலம் உயரத்திற் குறைந்தது, மழையில் மிகுந்தது. ஆனித் திங்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால், ஞாயிற்றின் முகம் காணாது நாட்கள் பல கழிவதுண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையும், அதனிடையே நிழல்தரும் சில்வர் ஓக் மரங்களும், சரிவுகளில் லயன் வீடுகளும், நடுவே புகைபோக்கியுடன் ஒரு தொழிற்சாலையும் காணப்படும்.

இத்தோட்டங்களிற் பல தோன்றியதற்குக் காரணம் ஓர் ஒப்பந்தமாகும். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையின்படி, இலங்கையில் நாடற்றவராய் நின்ற இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் வகுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அங்ஙனம் வந்தோர்க்கு வேலை தரும்பொருட்டு 1968-இல் வனத்துறையின்கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதுவே 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று; 'டான்டீ' என்றால் எங்கள் பக்கத்துச் சிறு குழந்தையும் அறியும். என் பாட்டியார் இலங்கை மலையகத்திற் பிறந்து, அவ்வழியே தாயகம் வந்து, நெல்லியாளத்தில் முப்பது ஆண்டு கொழுந்து கிள்ளியவர். தம்மைக் கேளாமலே தம்மை எண்ணிப் பங்கிட்டதை அவர் ஒருபோதும் மறந்ததில்லை. "தேவைக்கு மிஞ்சினவர்கள் என்று எங்களைச் சொன்னார்கள், தம்பி, மனிதரில் மிஞ்சினவர் உண்டோ?" என்பார். நிர்வாக நூல்களில் 'மிகை' என்னும் சொல்லைக் காணுந்தோறும் அவ்வினா என் செவியில் ஒலியாதிருந்ததில்லை.

இனி, இம்முறை பிறந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஜப்பான் நாட்டில் தச்சர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த சாகிச்சி டொயோடா என்பார் நெசவுத்தறிகளைத் திருத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் 1924-இல் நிறைவு செய்த தானியங்கித் தறி, நூல் ஒன்று அறுந்தால் தானே நின்றுவிடும். தறி ஓடிக்கொண்டேயிருந்து குறையுள்ள துணியை முழம் முழமாய் நெய்து தள்ளுவதினும், நின்று குறையை அறிவித்தல் நன்று என்பது அதன் தத்துவம். ஒரு தறிக்கு ஓராள் காவல் நிற்க வேண்டிய தேவையும் அதனால் ஒழிந்தது. 1937-இல் அவர் மகனார் கிச்சிரோ டொயோடா மோட்டார்க் கம்பெனியை நிறுவினார். உரிய பொருள், உரிய அளவில், உரிய வேளையில் வந்து சேர்தல் வேண்டும் என்பது இவருடைய கொள்கை.

போருக்குப் பின்னர் அக்கம்பெனி பெரும் பணமுடையில் வீழ்ந்தது. 1950-ஆம் ஆண்டில் ஆட்குறைப்பை எதிர்த்துக் கடுமையான வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வெளியேறினர். கிச்சிரோவும் பொறுப்பேற்றுத் தலைமைப் பதவியைத் துறந்தார். இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, எஞ்சியோர்க்கு வேலையுறுதியும், அதற்கு ஈடாக எவ்வேலையையும் கற்றுச் செய்ய அவர்தம் ஒத்துழைப்பும் என்ற இணக்கம் அங்கே வேரூன்றிற்று. தாயிச்சி ஓனோ என்னும் பொறியாளர் தம் முறையைப் பட்டறைதோறும் பரப்பியது அவ்விணக்கத்தின் மீதுதான். தன் யோசனையால் தன் வேலையே போகும் என்று அஞ்சுபவன் யோசனை சொல்லான் என்பது வெளிப்படை. இவ்வொன்றை மறந்துவிட்டு அட்டைகளையும் பலகைகளையும் மட்டும் நகல் செய்தோர் பலர்.

ஓனோ தம் முறைக்கு உவமையாக எடுத்துக்கொண்டது அமெரிக்க நாட்டுச் சுயசேவைக் கடையை. வாங்குபவன் வேண்டியதை எடுத்துச் செல்ல, வெறுமையான இடத்தை மட்டும் கடைக்காரன் நிரப்புகின்றான். அங்ஙனமே பின்னே நிற்கும் பட்டறை எடுத்துக்கொண்ட அளவே முன்னே நிற்கும் பட்டறை செய்தல் வேண்டும். எடுத்ததை அறிவிக்க ஒரு சிறு அட்டை போதும். இவ்வட்டைக்குக் 'கான்பான்' என்று பெயர். இம்முறை நெடுநாள் டொயோடா முறையென்றே வழங்கிற்று. 1988-இல் ஜான் கிராஃப்சிக் என்னும் ஆராய்ச்சியாளர் இதற்கு 'லீன்' என்று பெயரிட்டார். 1990-இல் வெளிவந்த 'தி மெஷின் தட் சேஞ்ஜ்டு தி வேர்ல்டு' என்னும் நூல் அப்பெயரை உலகெங்கும் பரப்பிற்று. பெயர் பின்னர் வந்ததென்பதும், அதுவும் வெளியார் இட்டதென்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. மெலிதல் என்னும் சொல் அதனைப் படைத்தோர் வாயில் பிறந்ததன்று.

ஓனோ வீண்கள் ஏழென வகுத்தார்: தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி, காத்திருத்தல், வீணாக ஏற்றி இறக்குதல், வேண்டாத வேலைப்பாடு, சரக்குத் தேக்கம், வீண் நடமாட்டம், பழுது என்பன. இவற்றைச் 'முடா' என்பர். இதனோடு 'முரா', 'முரி' என இரண்டு சொற்களும் உண்டு. முரா என்பது ஏற்றத்தாழ்வு. முரி என்பது மனிதர்மீதோ இயந்திரத்தின்மீதோ அளவுக்கு மிஞ்சிய சுமை. வீண் என்பது பெரும்பாலும் இவ்விரண்டினின்றே பிறக்கின்றது. நம் பாடநூல்கள் முதலாவதற்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிப் பின்னிரண்டையும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

சென்ற கோடை விடுமுறையில், எங்கள் ஊருக்கு அணித்தேயுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், மேலாளரின் இசைவு பெற்றுப் பத்து நாட்கள் கொழுந்தின் பின்னே நடந்தேன். ஓனோ தம்மிடம் பயின்றோரைத் தரையில் கீறிய வட்டத்துள் நிறுத்தி, மணிக்கணக்காகப் பார்க்கச் செய்வார் என்பர். யானும் அங்ஙனமே பார்ப்பதென உறுதி செய்துகொண்டேன்.

காலையில் கிள்ளிய கொழுந்து கூடையினின்று படங்கிற் கொட்டப்பட்டு, நிறுத்து, மூட்டையாகி, வண்டிக்குக் காத்திருக்கும். தேயிலை கிள்ளிய பின்னும் மூச்சுவிடும் பொருள். அழுத்தி அடைத்த மூட்டையினுள்ளே அது தன் வெப்பத்தாலேயே வெந்து சிவந்துவிடும். சிவந்த இலையை எந்த இயந்திரமும் நல்ல தேயிலையாக்க இயலாது. வண்டி ஒரு மணி நேரம் பிந்தினால் மூட்டையின் நடுவே கைவிட்டுப் பார்த்தாலே சூடு தெரியும். ஜப்பானியத் தொழிற்சாலையில் தேங்கிய இரும்புத் துண்டு துருப்பிடிக்கப் பலநாளாகும். எங்கள் தேக்கம் ஒரு பிற்பகலிலேயே கெட்டுவிடுகிறது. 'உரிய வேளை' என்னும் பாடத்தைத் தேயிலைச்செடி ஓனோவுக்கு முன்னரே கற்பித்துக்கொண்டிருந்தது எனலாம்.

தொழிற்சாலை சேர்ந்த இலை வாட்டுந்தொட்டிகளிற் பரப்பப்பட்டு, ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் காற்றில் வாடும். பின்னர், 1930-களில் அசாமில் தோன்றிய சி.டி.சி. உருளைகளிடையே நசுங்கிக் கிழிந்து சுருண்டு, ஒரு மணி நேரம் அளவில் பதமேறி, உலர்ப்பானிற் புகுந்து தூளாய் வெளிவரும். பசுங்கொழுந்து நான்கு அல்லது ஐந்து கிலோ சேர்ந்தால் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். இவ்வழியில் மிக நீண்ட நேரம் எதுவென்று கணக்கிடும் மாணாக்கன், வாட்டும் நேரத்தையே சுட்டி, அதைக் குறைக்க வேண்டும் என்பான். ஆயின் அங்கே இலை சும்மா கிடக்கவில்லை. நீர் வற்றுகின்றது, மணத்துக்குரிய மாறுதல்கள் அதனுள்ளே நிகழ்கின்றன. அந்நேரம் குறையின் பருகுவோன் நாவில் குறை தெரியும். காத்திருத்தல் எல்லாம் வீணாகாது. பொருளின் பயனைப் பெருக்காத காத்திருத்தலே வீண். மூட்டையில் ஒரு மணி நேரமும் தொட்டியில் பதினைந்து மணி நேரமும் கடிகாரத்துக்கு ஒரே தன்மையன. அறிந்தவர் கைக்கு அங்ஙனமல்ல.

மற்றொன்றும் கண்டேன். உலர்ப்பானருகே பல்லாண்டு வேலை செய்த முதியவர் ஒருவர், ஒருநாள் மூக்கை உயர்த்தி, "கருகுகிறது" என்றார். அவர் இயந்திரத்தை நிறுத்தலாகாது. டீ மேக்கரைத் தேடிச் சென்று, அவர் வந்து மோந்து பார்த்து ஆணையிடும்வரை தூள் வந்துகொண்டேயிருந்தது. சாகிச்சியின் தறிக்கு இருந்த உரிமை, அவ்வளவு அனுபவமுடைய மனிதருக்கு இல்லை. இவ்வேற்பாடு ஒரு தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று. மேலிருந்து ஆணை வந்தாலன்றிக் கை அசையலாகாது என்னும் பழைய தோட்ட வழக்கம் அது.

ஏற்றத்தாழ்வைக் காண்பதற்கு எங்கள் மலையைப்போல் சிறந்த இடம் வேறில்லை. மழைக்குப்பின் வெயில் அடித்தால் கொழுந்து ஒரே வாரத்திற் பொங்கி எழும். அப்போது தொழிற்சாலைகள் தாங்கமாட்டா. இலை வாங்கும் தொழிற்சாலைகள் 'இன்று இவ்வளவே' என்று அளவு வைத்துவிட, சிறு விவசாயியின் இலை சாலையோரத்தில் வாடும். வறட்சியிலும் பனிக்காலத்திலும் அதே இயந்திரங்கள் பாதிநாள் உறங்கும். கார் வாங்குபவன் கேட்கும்வரை காரைச் செய்யாதிருக்கலாம். செடியோ குன்னூர் ஏலத்தின் விலையைக் கேட்டுத் தளிர்விடுவதில்லை. ஆதலின் டொயோடாவின் அட்டைமுறையை அப்படியே தேயிலைக் காட்டில் நடுதல் பொருந்தாது. கவாத்தை ஒரே ஆண்டில் எல்லாப் பகுதிக்கும் செய்யாமல் சுற்றுமுறையில் பிரித்தல், கிள்ளும் சுற்றை நாள்தோறும் சீராய்ப் பகிர்தல், அண்டைத் தொழிற்சாலைகள் தம்முள் இலையை மாற்றிக்கொள்ளுதல் போன்றவற்றால் அலையின் உயரத்தைச் சிறிது தாழ்த்தலாம். அடக்க இயலாததை அறிந்து, அடக்க இயல்வதைச் சீர்செய்தலே இங்கு இம்முறையின் உயிர்.

இனி ஆட்குறைப்புக்கு வருவோம். பிற மலைகளிற்போலவே எங்கள் மலையிலும் கிள்ளுவோர் தொகை குறைந்து வருகின்றது. ஓய்வு பெற்றோர் இடம் நிரப்பப்படாமையும், இளைஞர் திருப்பூருக்கும் கோவைக்கும் செல்லுதலும் இதற்குக் காரணம். கணக்கேட்டில் இது செலவுக் குறைவாகத் தோன்றும். காட்டில் நிகழ்வதோ வேறு. ஏழு முதல் பத்து நாளுக்கொருமுறை கிள்ளவேண்டிய செடியை ஆளின்மையால் பதினைந்து இருபது நாளுக்கொருமுறை கிள்ளினால், இரண்டிலையும் ஒரு மொட்டும் என்ற பதம் கடந்து இலை முற்றிவிடும். முற்றிய இலையைக் கையாற் கிள்ள இயலாமல் கத்தரியால் வெட்டுவர். காம்பும் கட்டையும் கலந்து வரும். அத்தேயிலை ஏலத்தில் விலை குறையும். விலை குறைந்தமையால் ஆளுக்குக் கூலி தர இயலவில்லையென்று மேலும் ஆளைக் குறைப்பர். கொழுப்பைக் கரைப்பதாக எண்ணி இரத்தத்தைச் சிந்துவது இதுதான். முரியும் முடாவும் ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழலைப் பாட்டியார் நூல் கற்காமலே அறிவார். "சுற்று தவறினால் செடியும் கோபிக்கும், விலையும் கோபிக்கும்" என்பது அவர் வாக்கு.

உண்மையான கொழுப்பு எங்ஙனமிருக்கும் என்பதற்கும் எங்கள் வட்டாரமே சான்று தருகின்றது. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் பொன் கிடைக்கும் என்ற ஆசை பரவி, லண்டனில் கம்பெனிகள் பல தோன்றின, பங்குகள் ஏறின. பாறையில் பொன் எவ்வளவு என்று தேர்ந்தறியுமுன்னரே இயந்திரங்கள் மலையேறின, கட்டடங்கள் எழுந்தன. சில ஆண்டுகளில் அனைத்தும் கவிழ்ந்தன. தேவை அறியாமுன் செய்த உற்பத்தி முதல் வீண் என்று ஓனோ கூறியதற்கு இதனினும் பெரிய உதாரணம் வேண்டா. அவ்வீணைச் செய்தோர் கூலியாட்களல்லர் என்பதும் ஈண்டு கருதற்பாலது.

அந்தப் பத்து நாட்களின் முடிவில், கிள்ளும் பெண்கள் சிலரோடு அமர்ந்து, எது வீண் என்று அவர்களையே வினவினேன். மூத்தவர் ஒருவர் உடனே, "தம்பி, சுமையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறி நிறுத்துவிட்டு, மறுபடி அதே சரிவுக்கு இறங்குகிறோமே, அதைக் காட்டிலும் வீண் உண்டா? தராசைக் கீழ்ச்சாலைக்குக் கொண்டுவந்தால் என்ன?" என்றார். மேலாளர் நல்லவர், கேட்டார். மறுவாரம் அப்பகுதிக்குத் தராசு கீழ்ச்சாலைக்கு வந்தது. செலவு ஒன்றுமில்லை; மூட்டையும் வண்டிக்கு அணுக்கமாயிற்று. இதன்பின் எழுந்த கேள்வியே முக்கியமானது. மிஞ்சிய நேரத்தை என்செய்வது? ஆளொன்றுக்கு எடையளவை உயர்த்தலாம் என்றார் ஒருவர். கிள்ளுந்தரத்தை உயர்த்தவும், விடுபட்ட வரிசைகளைச் சுற்றுக்குள் கொணரவும் பயன்படுத்தலாம் என்றார் மேலாளர். அவ்வாறே செய்யப்பட்டது. முதல் விடையை அவர் ஏற்றிருந்தால், அப்பெண்கள் மறுமுறை வாய் திறந்திருப்பார்களோ? மிச்சப்பட்ட நேரம் யாருக்கு என்ற இடத்தில்தான் இம்முறையின் நேர்மை சோதிக்கப்படுகின்றது.

ஜப்பானிலும் இச்சோதனையில் எல்லோரும் தேறிவிடவில்லை. சதோஷி கமாதா என்னும் எழுத்தாளர் 1972-இல் டொயோடாவில் பருவக்கூலியாய் வேலை செய்து, அங்குள்ள வேகத்தின் கொடுமையை அடுத்த ஆண்டே நூலாக எழுதினார். ஆகவே இம்முறையைத் தெய்வமாக்குதலும் வேண்டா, பேயாக்குதலும் வேண்டா. நம் தமிழ்நாட்டிலேயே இதன் இனமான தரமேம்பாட்டு முறையைப் பயின்று, சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானியரின் டெமிங் பரிசைப் பெற்றது, 2002-இல் டி.வி.எஸ். மோட்டார்க் கம்பெனி பெற்றது. தமிழ்த் தொழிலாளியின் கையும் கருத்தும் எவர்க்கும் இளைத்தனவல்ல என்பதற்கு இவை போதும்.

"நட்டத்தில் நடக்கும் தோட்டம் ஆளை வைத்துக்கொண்டு என்செய்யும்?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. டான்டீயும் பல்லாண்டு நட்டம் கண்டது. 2022-இல் அதன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பியளிக்க அரசு ஆணையிட்டது. காட்டுக்குக் காடு திரும்புதல் யானைக்கும் ஆற்றுக்கும் நன்மையாகலாம். ஆயினும் மனிதர்க்கு வாழ்வளித்தற்கென்றே தொடங்கிய ஒரு தொழிலை அளக்குங்கால், ஒரு கிலோவின் அடக்கவிலை மட்டும் அளவுகோலாதல் தகாது. வாடிக்கையாளர்க்கு எது பயன் என்று கேட்டுத் தொடங்குவது லீன் முறை. இத்தோட்டங்களின் முதற்பயன் தேயிலை மட்டுமன்று, வாழ்க்கையுமாம் என்பது அவை பிறந்த நாளிலேயே எழுதப்பட்டது. சுற்றைச் சீர்செய்து, தரத்தை உயர்த்தி, சூடேறும் மூட்டையையும் கருகும் தூளையும் ஒழித்து, அதன்பின்னும் நட்டமெனில் அப்போது பேசுவோம். வீணைத் தொடாமலே ஆளைத் தொடுதல் சோம்பலுக்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டுவதாம்.

மாணவத் தோழர்களே, நம்முட் பலர் நாளை மேலாளராகவும் கணக்கராகவும் மேசையருகே அமர்வோம். அங்கே வரும் தாள்களில் மனிதர் எண்ணாகவே வருவர். அவ்வேளையில் ஒருமுறை எழுந்து, வேலை நடக்கும் இடத்துக்குச் சென்று, நின்று பார்ப்போமாக; செய்பவரை வினவுவோமாக; அவர் சொன்ன வழியால் மிச்சமானதில் அவர்க்கும் பங்களிப்போமாக. நிர்வாகவியல் கற்ற மூன்றாண்டில் யான் உறுதியாய் அறிந்தது இவ்வளவே: வீண் என்பது பொருளிலும் வழியிலும் காலத்திலும் உண்டு, மனிதரில் இல்லை.